படம் கூர்மையானதும் ஹைட்ரஜன் எங்கே போனது?

கேள்வி: பெங்களூருவில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். புராஜெக்டுக்காக ஒரு குட்டி ஸ்டார்பர்ஸ்ட் கேலக்ஸியின் (நட்சத்திரங்கள் மளமளவென்று பிறக்கும் கேலக்ஸி) பழைய ஜி.எம்.ஆர்.டி. (புனே அருகே உள்ள ரேடியோ தொலைநோக்கி) தரவை இறக்கி, ஹைட்ரஜன் வெளியிடும் 21 செ.மீ. ரேடியோ அலையில் படம் போட்டேன். 40 ஆர்க்செகண்ட் பீமில் (பீம்: படம் பிரித்துக் காட்டும் மிகச் சிறிய வட்டம்; ஆர்க்செகண்ட்: ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) பெரிய ஹைட்ரஜன் மேகம்; 5 ஆர்க்செகண்டில் நடுவே இரண்டு மூன்று திட்டுகள்தான். எங்கே தப்பு?

பதில்: பெரும்பாலும் தப்பே இல்லை. நம்மூர் தூறலை மொட்டை மாடியில் ஓர் அண்டாவிலும் ஒரு டம்ளரிலும் பிடித்து அளந்து பாருங்கள். ஊற்றும்போது இரண்டு சொட்டு சிந்தும். அண்டாவுக்கு அது கணக்கே இல்லை. டம்ளரில் விழுந்ததே அவ்வளவுதான். பீம்தான் பாத்திரம், சிந்துவது இரைச்சல். 40-இலிருந்து 5-க்கு வந்தால் பீமின் பரப்பு 64-இல் ஒரு பங்காகிறது. இரைச்சல் அதே விகிதத்தில் குறைவதில்லை. மெல்லிய வாயு அதில் மூழ்கிவிடுகிறது.

ஜி.எம்.ஆர்.டி.யின் 30 டிஷ்களில் 14, ஏறத்தாழ ஒரு கி.மீ. சதுரத்துக்குள் நெருங்கி நிற்கின்றன. மற்றவை 25 கி.மீ. வரை விரிந்த கைகளில். பரவிய வாயுவைப் பிடிப்பது நெருங்கியவை, கூர்மை தருவது தள்ளி நிற்பவை. காசா மென்பொருளில் டேப்பரை (தள்ளி நிற்கும் டிஷ்களின் பங்கைக் குறைக்கும் அமைப்பு) மாற்றி 40, 20, 8 ஆர்க்செகண்ட் என்று மூன்று கியூபாவது (ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒரு படம் என்று அடுக்கிய தொகுப்பு) போடுங்கள்.

மொத்த ஹைட்ரஜன் நிறையை 40 கியூபிலிருந்து மட்டும் எடுங்கள்: 2.36×10⁵ × தூரத்தின் வர்க்கம் × ஃபிளக்ஸ் (வந்து சேரும் மொத்த 21 செ.மீ. ஒளி). தூரம் மெகாபார்செக்கில், ஃபிளக்ஸ் ஜான்ஸ்கி கி.மீ./வினாடியில்; விடை சூரிய நிறையில் வரும். ஒற்றை டிஷ் அளவீடு ஏதும் வெளியாகியிருந்தால் ஒப்பிடுங்கள். உங்களுடையது பாதிதான் வருகிறதா? அப்போது கன்டினியூமை (எல்லா அலைவரிசையிலும் பரவி வரும் பின்னணி ரேடியோ ஒளி) கழித்த இடத்தைச் சந்தேகப்படுங்கள். ஹைட்ரஜன் இருந்த சேனல்களையும் (கியூபின் தனித்தனி அலைவரிசைகள்) சேர்த்துக் கழித்து நானே மூன்று வாரம் வீணாக்கியிருக்கிறேன். ஸ்டார்பர்ஸ்ட் என்றால் நடுவில் ரேடியோ கன்டினியூம் இருக்கத்தான் செய்யும். ஹைட்ரஜன் நிறமாலை வரி இல்லாத சேனல்களை 40 கியூபின் நிறமாலையைப் பார்த்தே தேர்ந்தெடுங்கள்.

5 ஆர்க்செகண்ட் படத்தைத் தூக்கி எறிய வேண்டாம். அந்தத் திட்டுகளை ஹெச்-ஆல்ஃபா படத்தின் (இளம் நட்சத்திரங்களைச் சுற்றி ஒளிரும் வாயுவின் சிவப்பு ஒளிப் படம்) மேல் வைத்துப் பாருங்கள். நட்சத்திரம் பிறக்கும் முடிச்சும் வாயுவின் உச்சமும் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. விலகல்தான் சுவாரசியம்.

அப்புறம், வாயு எங்கே எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று காட்டும் வேகப் படம் கோணல்மாணலாக இருந்தால், சுழற்சி வளைவை (மையத்திலிருந்து தூரத்துக்கேற்பச் சுழலும் வேகம்) வலிந்து பொருத்தாதீர்கள். ஐ ஸ்விக்கி 18 என்ற குட்டி கேலக்ஸியில்கூட நட்சத்திர ஒளியைத் தாண்டி நீளும் ஒரு ஹைட்ரஜன் வால் உண்டு. அந்த மாதிரி வால் உங்கள் கேலக்ஸிக்கும் இருந்தால், அது 40 கியூபில்தான் தெரியும்.