வயிற்றை எக்கிக்கொண்டு எடை தூக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. ஏலக்காய்க் கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. ஓராண்டாக மாலையில் ஜிம்முக்கும் போகிறேன். "நெஞ்சை நிமிர்த்து, வயிற்றை எக்கு" என்கிறார் பயிற்சியாளர். குமுளியில் களரி பயிலும் நண்பரோ, மூச்சு அடிவயிறு வரை இறங்க வேண்டும் என்கிறார். 80 கிலோ டெட்லிஃப்ட் (எடை மாட்டிய கம்பியைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்வது) செய்யும்போது கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: நண்பர் சொல்வதைக் கேளுங்கள், ஆனால் அவர் சொன்னது பாதிதான். கீழ் ஆறு விலா எலும்புகளின் உட்புறத்தையும் கீழ்முதுகு முள்ளெலும்புகளையும் பற்றிக்கொண்டு குடைபோலக் கவிந்திருக்கும் தசைதான் உதரவிதானம். மூச்சை இழுக்கும்போது அது கீழே இறங்குகிறது. இடுப்புக்கூட்டின் அடியில் தொட்டில் துணிபோல விரிந்திருக்கும் இடுப்புத்தளத் தசைகள் சற்றே தாழ்ந்து அதற்கு இடம் கொடுக்கின்றன. மூச்சை விடும்போது இரண்டும் சேர்ந்தே மேலேறுகின்றன. இவ்விரண்டுக்கும் நடுவே வயிற்றுச் சுவர் சுற்றிலும் இறுகும்போது உள்ளே எழும் அழுத்தம், எடை தூக்கும் நேரத்தில் முதுகெலும்புக்கு முட்டுக் கொடுக்கிறது.

கிடங்கில் வேலை செய்யும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. நன்றாகக் குலுக்கி நிரப்பித் தைத்த மூட்டை அடுக்கில் நிமிர்ந்து நிற்கும். குறைவாக நிரம்பியது நடுவில் மடிந்து சாயும். வயிற்றை எக்கினால் உதரவிதானம் இறங்க இடமின்றி, நீங்கள் அந்த இரண்டாவது மூட்டையாகிவிடுகிறீர்கள். நெஞ்சை அளவுக்கு மீறி நிமிர்த்துவது இன்னொரு கேடு: கீழ் விலாக்கள் முன்னே துருத்த, இடுப்புக்கூடு முன்புறம் சரிய, நேருக்கு நேர் இருக்க வேண்டிய மேல்மூடியான உதரவிதானமும் அடிமூடியான இடுப்புத்தளமும் விலகிப்போகின்றன. அப்போது வயிறு செய்ய வேண்டிய வேலையும் சேர்ந்து முதுகுத் தசைகளின் தலையில் விழுகிறது. உங்களுக்குக் கீழ்முதுகு பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான் இருக்கும்.

வீட்டில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றி, விரல்களைக் கீழ் விலாக்களின் இருபுறமும் வையுங்கள். ஊதாங்குழலில் அடுப்பை ஊதுவதுபோல வாயால் மெதுவாக முழுதும் ஊதுங்கள். கடைசியில் விலாக்கள் உள்ளே இறங்குவதும், கீழ்முதுகு பாயை நோக்கித் தணிவதும் விரலுக்கும் உடம்புக்கும் தெரியும். அந்த நிலை கலையாமல் மூக்கால் மூச்சை இழுத்தால், வயிறு மட்டும் உப்பாமல் விலாவின் பக்கங்களும் முதுகின் பின்புறமும் சேர்ந்து அகல வேண்டும். ஐந்தாறு மூச்சுகளில் இது பிடிபட்டபின், எடை ஏதும் மாட்டாத வெறும் கம்பியோடு நின்று பழகுங்கள். 80 கிலோவுக்கு அவசரம் வேண்டாம்.

எடை தூக்கும்போது இடுப்பில் கட்டும் பெல்ட்டைப் பற்றியும் ஒரு சொல். களரியில் இடுப்பைச் சுற்றிக் கட்டும் நீளமான கச்சையும், மூட்டை தூக்குவோர் இறுக்கிக் கட்டும் துண்டும் வயிற்றை உள்ளே அமுக்குவதற்கானவை என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில், வயிறு வெளிப்புறமாகத் தள்ளி ஊன்றுவதற்கு ஒரு சுவர் கிடைக்கிறது என்பதே அவற்றின் பயன். மூச்சு இழுக்க முடியாத அளவுக்கு இறுக்கினால் அந்தப் பயன் போய்விடும்.

கனமான எடையில் ஒரு கணம் மூச்சை அடக்குவது இயல்பு. ஆனால் 1985இல் வெளியான ஓர் ஆய்வில், உடற்கட்டு வீரர்கள் இரு கால்களாலும் பெரும் எடையைத் தள்ளியபோது அவர்களது இரத்த அழுத்தம் சராசரியாக 320/250 வரை ஏறியது. ஆகவே இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, குடலிறக்கம் ஆகியவற்றில் ஏதேனும் இருப்பவர்கள் அடக்காமல், மூச்சை விட்டுக்கொண்டே தூக்க வேண்டும். வலி காலில் இறங்கினாலோ, கால் மரத்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: திராட்சைத் தோட்டத்தில் கூடை தூக்குகிறேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு, தூக்கும்போது சிறுநீர் கசிகிறது. இடுப்பின் அடித் தசையை இறுக்கும் பயிற்சி செய்தும் முழுதாக நிற்கவில்லை.
– ஒரு வாசகி, கம்பம்

பதில்: சகோதரி, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீங்கள் செய்யும் பயிற்சி, அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948இல் எழுதி வெளியிட்டது, நல்ல பயிற்சிதான். பலர் இறுக்குவதை மட்டும் செய்து, தளர்த்துவதை விட்டுவிடுகிறார்கள். எப்போதும் இறுகியிருக்கும் தசைக்கு, தேவைப்படும் கணத்தில் மேலும் இறுக வலு இருக்காது. மூச்சை இழுக்கும்போது முழுதும் தளர்த்தி, விடும்போது மேலே இழுத்துப் பழகுங்கள். ஒரு பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்த்துத் திருத்துவது இன்னும் நல்லது. தோட்டத்தில் கூடையைத் தரையிலிருந்து எடுப்பதற்கு ஒரு கணம் முன்பே மூச்சை விடத் தொடங்குங்கள். எடுத்த பிறகு அல்ல.