நவஹோ பகுதி மிஷன் பள்ளிக்கு என்ன கொண்டுபோகலாம்? அங்கே வாழ்க்கை எப்படி இருக்கும்?

"ஃபீனிக்ஸில் உள்ள எங்கள் தமிழ்ச் சபையிலிருந்து ஜூலையில் ஒரு வாரம் நவஹோ பகுதியில் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்குப் போகிறோம். பழைய துணி, பொம்மை, புத்தகம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். வேறென்ன தேவைப்படும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஜூலையில் பள்ளியே இருக்காதுங்க. மே கடைசியில் மூடினால் ஆகஸ்டில்தான் திறப்பார்கள். பிள்ளைகளில் பாதிப்பேர் பாட்டியோடு ஆடு மேய்க்க மலைப்பக்கம் போயிருப்பார்கள். உங்கள் வேனை வரவேற்கப் போவது பூட்டிக்கிடக்கும் வகுப்பறைகளும், உங்களுக்குச் சமைத்துப் போடுவதற்காக லீவை ரத்து செய்த இரண்டு ஊழியர்களும்தான்.

கொஞ்சம் கடுப்பாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கணவருக்கு கேலப் ஊரில் மருத்துவமனை வேலை. அதனால் நியூ மெக்சிகோ, அரிசோனா எல்லையில் ஒரு சின்ன மிஷன் பள்ளியில் சில வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஸ்டோர் ரூம் சாவி என்னிடம்தான் இருந்தது என்பதால், உங்கள் கேள்வியில் "பழைய துணி" என்று படித்ததும் கை தானாக கீபோர்டுக்குப் போய்விட்டது.

முதலில் இடத்தைப் பற்றி. நவஹோ தேசம் என்பது நவஹோ என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் தன்னாட்சிப் பகுதி. சுமார் 27,000 சதுர மைல், அதாவது தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்று மேல். அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா என்று மூன்று மாநிலங்களில் கிடக்கிறது. அவ்வளவு பெரிய இடத்தில் வசிப்பவர்கள் 1.7 லட்சம் பேர் அளவில்தான். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே சில மைல் இருப்பது சாதாரணம். சாலைகளில் பெரும்பகுதி மண். காய்ந்தால் வரிவரியாக மேடுபள்ளம், பனி உருகினால் களி. பல வீடுகளுக்குத் தெருவும் இல்லை, கதவு எண்ணும் இல்லை. கடிதம் வந்தால் தபால் நிலையப் பெட்டிக்குத்தான் வரும். ஏறக்குறைய மூன்றில் ஒரு வீட்டில் குழாய்த் தண்ணீர் கிடையாது. பிக்கப் வண்டியின் பின்னால் பீப்பாயோ பெரிய பிளாஸ்டிக் தொட்டியோ ஏற்றிக்கொண்டு பொதுக் குழாய்க்குப் போய்ப் பிடித்து வருவார்கள். அதிலேயே சனிக்கிழமை போய்விடும். என் வகுப்பில் திங்கட்கிழமை வீட்டுப்பாடம் முடிக்காமல் வந்த பிள்ளைகளிடம் நான் காரணம் கேட்பதை நிறுத்தியது இதனால்தான்.

குளிரையும் குறைவாக எண்ணிவிடாதீர்கள். அரிசோனா என்றதும் உங்களுக்கு ஃபீனிக்ஸ் வெயில்தான் ஞாபகம் வரும். கேலப் 6,500 அடி உயரத்தில் இருக்கிறது. ஜனவரியில் காலையில் பேருந்து ஸ்டார்ட் ஆவதே பெரும்பாடு. பல வீடுகளில் விறகு அடுப்புதான் வெப்பம், பிள்ளைகளின் கோட்டில் எப்போதும் ஜூனிபர் மர விறகின் புகை வாசம் இருக்கும். எனக்கு அது பிடித்த வாசம். பெரிய ஊர்ப் பள்ளிகளோடு விளையாட்டுப் போட்டிக்குப் போனால் அதை வைத்தே கேலி செய்வார்கள்.

அப்புறம் நேரம். அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றாது, நவஹோ தேசம் மாற்றும். ஆகவே கோடையில் அங்கே உங்களைவிட ஒரு மணி நேரம் முன்னால். நடுவில் இருக்கும், ஹோப்பி என்ற இன்னொரு பூர்வகுடி மக்களின் பகுதியில் மறுபடியும் ஃபீனிக்ஸ் நேரம். பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் பதினொன்றுக்கு வந்திறங்கும் ஃபீனிக்ஸ் குழுக்களைப் பார்த்துப் பார்த்து எங்கள் சமையல்காரம்மா சிரிப்பதைக்கூட விட்டுவிட்டார்.

சரி, என் கதை. 2023 செப்டம்பர் கடைசி. எங்கள் இரண்டு பேருந்துகளில் ஒன்று மண் சாலையில் ஸ்பிரிங் பட்டை ஒடிந்து உட்கார்ந்துவிட்டது. அந்த வழித்தடத்துப் பிள்ளைகள் வருவது நின்றது. என் எட்டாம் வகுப்பில் ஒரு பையன், சமன்பாடுகள் அப்போதுதான் பிடிபட ஆரம்பித்திருந்தது அவனுக்கு. பாட்டிக்குப் பெட்ரோல் காசு இருக்கும் நாளில் பிக்கப்பில் கொண்டுவந்து விடுவார், இல்லாத நாளில் வரமாட்டான். அந்த வாரமே வெளிமாநிலத்துச் சபை ஒன்றிலிருந்து ஒரு லாரி நிறைய "அன்பளிப்பு" வந்து இறங்கியது.

இறக்கி வைக்க வகுப்பு நேரத்தில் எட்டாம் வகுப்பைத்தான் கூப்பிட்டார்கள். பிரித்துப் பார்த்தால், ஜோடி இல்லாத ஷூக்கள், ஹோட்டலில் கொடுக்கும் குட்டி ஷாம்பு பாட்டில்கள், ஜிகினா வைத்த பார்ட்டி கவுன்கள், யாரும் புரட்டாத பழைய கலைக்களஞ்சியம் முழு செட்டாக. கூடவே ஒரு பெட்டி நிறையக் கிரகணக் கண்ணாடி! அக்டோபர் 14 அன்று கங்கண சூரிய கிரகணம், அதன் பாதை நவஹோ தேசத்தின் மேலேயே போகிறது, பிள்ளைகள் பார்த்து மகிழட்டும் என்று அனுப்பியிருக்கிறார்கள். நவஹோ மரபில் கிரகணத்தை நிமிர்ந்து பார்க்கக்கூடாது. வீட்டுக்குள் இருக்க வேண்டும், அந்த நேரம் உண்ணவோ குடிக்கவோ தூங்கவோ கூடாது. அன்று மானுமென்ட் வேலி உட்பட அவர்களுடைய பூங்காக்களையே மூடி வைத்தார்கள். கர்ப்பிணியை வாசலுக்கு விடாத, சாப்பாட்டில் தர்ப்பை போட்டு வைக்கிற ஊரிலிருந்து வந்த எனக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அனுப்பியவர்கள் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

நான் அந்தச் சபைக்கு ஒரு கடிதம் எழுதினேன். நன்றி சொல்லிவிட்டு, பேருந்து ரிப்பேருக்கு ஆகும் தொகையைக் குறிப்பிட்டு, இதில் உதவ முடியுமா என்று கேட்டேன். பதில் மிகவும் மரியாதையாகத்தான் வந்தது. அவர்களுடைய நிதி பிள்ளைகளுக்கான பரிசுப் பொருட்களுக்கு மட்டுமாம், வாகனப் பராமரிப்பு அதில் வராதாம். பிள்ளைகள் அந்தத் துணிகளைப் போட்டுக்கொண்டு நிற்கும் படங்கள் கிடைத்தால் ஆண்டறிக்கைக்கு உதவியாக இருக்குமாம். படம் எடுக்க நான் மறுத்துவிட்டேன். தலைமையாசிரியருக்கு என்மேல் வருத்தம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

பேருந்தைக் கடைசியில் ஓட வைத்தவர்கள் பெற்றோர்கள். கேலப்பில் சனிக்கிழமைச் சந்தை பெரிதாகக் கூடும். அங்கே ஒரு மேசை போட்டு ஆட்டுக்கறிச் சாறும் பொரித்த ரொட்டியும் விற்றார்கள். ஆடு கொடுத்தது ஒரு வீடு, மாவு கொடுத்தது இன்னொரு வீடு. டிரைவரின் மைத்துனர் கூலி வாங்காமல் பட்டையை மாற்றிக் கொடுத்தார். "பாவம், ஒன்றும் இல்லாத ஜனங்கள்" என்று யாராவது உங்கள் ஜெபக் கூட்டத்தில் உருகினால் இதைச் சொல்லுங்கள்.

மிஷன் பள்ளி என்பது தனியார் பள்ளி. பக்கத்து அரசுப் பள்ளிக்குக் கிடைப்பதுபோல் பிள்ளைக்கு இவ்வளவு என்று அரசிடமிருந்து பள்ளிக்கு நேரடியாகப் பணம் வராது. மதிய உணவுக்கு மத்திய அரசுத் திட்டத்தில் சேர வழி உண்டு. மற்றபடி பெற்றோர் கட்டும் சிறு கட்டணம், மீதி நன்கொடை. டீசல், டயர், புரொபேன் வாயு, ஆசிரியர் சம்பளம், ஆசிரியர் குடியிருப்பின் ஒழுகும் கூரை, இவற்றில்தான் பள்ளி தடுமாறும். இவை எதையும் படம் எடுத்துப் போட முடியாது.

ஆசிரியர் தங்குவதும் பெரிய பிரச்சினை. சம்பளம் குறைவு, வாடகைக்கு வீடு கிடையாது, பள்ளி கொடுக்கும் குடியிருப்புதான். நல்ல காய்கறி வேண்டுமானால் காரை எடுக்க வேண்டும். அந்தத் தேசம் முழுவதற்கும் பெரிய மளிகைக் கடைகள் 13 அளவில்தான். இளைஞர்கள் ஆர்வமாக வந்து ஒரு வருடத்தில் கிளம்பிவிடுவார்கள். வருடம் முடியும் நேரம் பிள்ளைகள் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மிஸ், அடுத்த வருஷமும் இருப்பீங்களா?" முதல் வருடம் என் வகுப்பில் யாரும் வாயே திறக்கவில்லை. கண்ணைப் பார்த்துப் பேசாதது அங்கே மரியாதை, கேள்வி கேட்டால் கொஞ்சம் அமைதியாக இருந்து யோசித்துவிட்டுத்தான் பதில் வரும். அதற்குள் அவசரப்பட்டு நாமே விடையைச் சொல்லிவிட்டால் அப்புறம் அந்தப் பிள்ளை முயற்சியே செய்யாது. இதெல்லாம் புரிவதற்கே ஒரு டீச்சருக்கு ஒரு வருடம் போய்விடுகிறது. அது புரிந்த கையோடு மூட்டை கட்டினால் என்ன பிரயோஜனம்? இரண்டாம் வருடம்தான் என்னிடம் பேச ஆரம்பித்தார்கள். நெசவில் உள்ள வடிவங்களை வைத்துச் சமச்சீர் பாடம் எடுத்தபோது, என்னைத் திருத்தவே ஆரம்பித்துவிட்டார்கள்.

இனி கமெண்ட்டில் வரப்போகிறவர்களுக்கு. "மதம் மாற்றும் பள்ளிக்கு வக்காலத்தா?" என்பார் ஒருவர், "மிஷனரிகளைக் குறை சொல்கிறாயே, நீ விசுவாசிதானா?" என்பார் இன்னொருவர். நான் திருநெல்வேலிக்காரி. என் பாட்டி மிஷன் போர்டிங்கில் படித்து டீச்சரானவர். எங்கள் குடும்பத்தில் மிஷன் பள்ளி என்றால் தலைநிமிர்வு. அதே நினைப்போடு அங்கே போய் இறங்காதீர்கள். 1864-இல் ராணுவம் அந்த மக்களை நூற்றுக்கணக்கான மைல் நடத்தியே போஸ்க் ரெடோண்டோ என்ற முகாமுக்குக் கொண்டுபோய் அடைத்தது. 1868 ஒப்பந்தத்தில்தான் ஊர் திரும்ப முடிந்தது. முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று அந்த ஒப்பந்தத்தில் எழுதியும் கொடுத்தார்கள். அரசு அதைச் சரியாகச் செய்யாத இடத்தில் சபைகள் நுழைந்தன. கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி கேத்தரின் ட்ரெக்சல் அம்மையார் 1902-இல் தொடங்கிய செயின்ட் மைக்கேல் பள்ளியும், 1903-இல் வந்த ரெஹோபோத் பள்ளியும் இன்றும் நடக்கின்றன. ஆனால் அந்தக் காலத்து உறைவிடப் பள்ளிகள், அரசு நடத்தியவையும் சபைகள் நடத்தியவையும் சேர்த்தே சொல்கிறேன், பிள்ளைகளின் முடியை வெட்டின, தாய்மொழி பேசினால் வாயை சோப்பால் கழுவின. அப்படி அடக்கப்பட்ட மொழியைத்தான் 1942-இல் அமெரிக்க மரைன் படை இரண்டாம் உலகப் போரில் ரகசியச் செய்திக்கு வந்து கேட்டது. உறைவிடப் பள்ளிகளுக்காக ஒரு ஜனாதிபதி மன்னிப்புக் கேட்டதே 2024 அக்டோபரில்தான். இன்று நான் சொன்ன இரண்டு பள்ளிகளிலும் நவஹோ மொழி ஒரு பாடம். பேரனை நம் பள்ளியில் சேர்த்த பாட்டியே பள்ளி வாசலுக்குள் வராமல் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர் சிறுவயதில் என்ன பட்டாரோ, நாம் கேட்கக்கூடாது. பிள்ளைகளின் முடியைத் தொட்டு "எவ்வளவு நீளம்!" என்று வியக்கவும் கூடாது. உங்கள் குழுவில் யாராவது ஓர் ஆன்ட்டி கட்டாயம் செய்வார், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பாட்டியைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். பாட்டி காலத்தில் சும்மா கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். நான் பி.எட். முடித்து, தகுதித் தேர்வும் எழுதிப் பாஸாகி, எங்கள் பக்கத்து உதவிபெறும் பள்ளி ஒன்றில் நேர்முகத்துக்குப் போனபோது கணக்கில் ஒரு கேள்வி கேட்கவில்லை. அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு "கட்டட நிதிக்கு" எவ்வளவு முடியும் என்று கேட்டார்கள். லட்சங்களில். சம்பளம் கொடுப்பது அரசாங்கம், விலை பேசுவது நிர்வாகம், தொடங்கி வைப்பது ஜெபம். அப்பா எழுந்து வந்துவிட்டார். வெளியே வந்து மெட்ரிக் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு மாரடித்தேன். எல்லா நிர்வாகமும் அப்படி என்று சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். ஆனால் அமெரிக்காவில் "மிஷன்" போகிற நம் ஆட்கள் ஊரில் உள்ள தங்கள் பள்ளிகளில் நடப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

சரி, உங்களுக்கு வருகிறேன். வேன் வாடகை, தங்குமிடம், டி-ஷர்ட் எல்லாம் சேர்த்து அந்தப் பயணத்துக்கு ஆகும் செலவை ஒரு தாளில் எழுதுங்கள். பாஸ்டர் ஐயாவிடம் காட்டி, அந்தத் தொகையை எந்த நிபந்தனையும் போடாமல் பள்ளிக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஏதாவது எழுதியே ஆக வேண்டுமென்றால் "பேருந்துக்கும் எரிவாயுவுக்கும்" என்று எழுதினால் கணக்கர் கும்பிடுவார். செப்டம்பர் முடிவதற்குள் அனுப்பினால் குளிருக்கு முன் தொட்டி நிரப்ப ஆகும். உங்கள் சபையில் ஓய்வுபெற்ற டீச்சரோ, பிளம்பரோ, பல் டாக்டரோ இருந்தால், ஒரு முழுப் பள்ளி ஆண்டு தங்க முடியுமா என்று அவர்களைக் கேளுங்கள். வருடத்தில் ஒரு வாரம்தான் முடியும் என்பவர் அதே பள்ளிக்கு வருடம் தவறாமல், பள்ளி நடக்கும் மாதத்தில் போகட்டும்.

கையை வீசிக்கொண்டு போகக் கூச்சமாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். ஃபீனிக்ஸில் உங்கள் ஆட்கள் பலர் வீட்டுக் கொல்லையில் ஆரஞ்சு மரம் இருக்குமே, ஜனவரி, பிப்ரவரியில் பறிக்க ஆளில்லாமல் விழுந்து கிடக்கும். கூடை கூடையாக அதைக் கொண்டுபோங்கள். போகும் முன் பள்ளி அலுவலகத்துக்கு போன் போட்டு சாலை எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பனி பெய்திருந்தால் மண் சாலையில் திரும்பாமல் நெடுஞ்சாலை ஓரத்திலேயே நில்லுங்கள், பள்ளி வண்டி வந்து வாங்கிக்கொள்ளும்.