எத்தனை சிப்பம் ஏற்றலாம்? சரக்கு வண்டிக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

அறுவடை தொடங்கிவிட்டால் டெல்டாவில் சக்கரம் வைத்த எல்லாமே லோடு வண்டிதான். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிக்கப், குட்டி யானை, டிராக்டர் பெட்டி வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் எழுதியவை. பலருக்கும் பயன்படக்கூடிய ஆறு கடிதங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, கடன் போட்டு ஒரு பிக்கப் வாங்கி நெல் லோடு அடிக்கிறேன். கொள்முதல் நிலையத்துக்கு ஒரு நடைக்கு எத்தனை சிப்பம் (நெல் மூட்டை) ஏற்றலாம்? எங்கள் பக்கம் எல்லோரும் அறுபது ஏற்றுகிறார்கள். ஆர்.சி.யில் மொத்த எடை 2,990 கிலோ, வெறும் வண்டி 1,690 கிலோ என்று இருக்கிறது. பெர்மிட்டும் எடுக்க வேண்டுமா?
வாசகர், பாபநாசம்

ஆர்.சி.யில் உள்ள எண்களை எடுத்து எழுதினீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். முக்கால்வாசிப் பேர் வண்டியின் பெயரைச் சொல்லி எவ்வளவு தாங்கும் என்றுதான் கேட்கிறார்கள். வண்டி எவ்வளவு தாங்கும் என்பது வேறு, எவ்வளவு ஏற்றலாம் என்பது வேறு. 2,990-இல் 1,690 போனால் மிச்சம் 1,300 கிலோ. இந்த 1,300-க்குள் நெல் மட்டுமில்லை, நீங்களும் பக்கத்தில் உட்காரும் நெல்லுக்காரரும் அடக்கம். இரண்டு பேருக்கும் சேர்த்து 130 கிலோ என்று வையுங்கள், நெல்லுக்கு 1,170 கிலோ நிற்கும். சிப்பம் 40 கிலோ என்றால் 29 சிப்பம், அவ்வளவுதான். களத்திலிருந்து வீட்டுச் சாக்கில் கட்டி வருகிற மூட்டையாக இருந்தால் 60 கிலோவுக்கு மேலும் இருக்கும், அதுவும் மழையில் நனைந்த நெல்லாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அப்போது மூட்டையை எண்ணிப் பிரயோசனமில்லை, எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிடுவதுதான் வழி.

இப்போது அறுபது சிப்பத்துக்கு வருவோம். நெல் 2,400 கிலோ, ஆள் 130 கிலோ, ஆக மொத்தம் 2,530. அனுமதித்ததைவிட 1,230 கிலோ அதிகம். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவுப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஆக, பிடித்தால் 22,000-க்குக் குறையாது. அதோடு முடிந்தால் பரவாயில்லையே, அதிகப்படி மூட்டையை உங்கள் செலவில் இறக்கி வைக்கும் வரை வண்டியை அந்த இடத்தை விட்டு நகர்த்த விடமாட்டார்கள். வானம் கறுத்துக்கொண்டு நிற்கும்போது ரோட்டோரம் முப்பது மூட்டையை இறக்கிவிட்டு தார்ப்பாய் தேடி ஓடுகிற நிலைமையை யோசித்துப் பாருங்கள். எடை போடச் சொல்லும்போது நிறுத்தாமல் போனாலோ, எடை போடுவதற்கு முன்னால் மூட்டையை இறக்கிவிட்டாலோ அபராதம் 40,000.

அபராதத்தை விட எனக்குப் பெரிய கவலை உங்கள் ஊர்ச் சாலைகள். ஆற்றங்கரை ரோடுகளில் ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் வாய்க்கால், எதிரே பஸ் வந்தால் மண்ணில் இறங்கித்தான் ஆக வேண்டும். இரட்டை பாரம் ஏற்றிய வண்டியில் பின்பக்கப் பட்டை (ஸ்பிரிங் தகடு) முழுக்க அமுங்கி, முன் சக்கரத்தின் மேல் எடை குறைந்து, ஸ்டியரிங் லேசாகிவிடும். லேசாகத் திரும்புகிறதே என்று சந்தோஷப்படாதீர்கள், முன் டயருக்குப் பிடிமானம் இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். ஈர மண்ணில் இறங்கிய அந்த வண்டி திரும்ப ரோட்டுக்கு ஏறாது, வாய்க்காலுக்குத்தான் போகும். சிலர் ஒர்க்ஷாப்பில் கூடுதலாக இரண்டு பட்டை போட்டுக்கொண்டு இனி பயமில்லை என்கிறார்கள். பட்டை போட்டால் வண்டி அமுங்காமல் நிற்கும், ஆனால் பிரேக் பழைய பிரேக்தான், அச்சு பழைய அச்சுதான், ஆர்.சி.யில் உள்ள எண்ணும் மாறாது.

பெர்மிட் விஷயத்தில் உங்களுக்கு நல்ல செய்தி. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு 66-ஆம் பிரிவில் பெர்மிட்டிலிருந்து விலக்கு உண்டு, உங்கள் வண்டி அதற்குள் வருகிறது. பெர்மிட் வேண்டாம் என்பதற்காக மற்ற எதுவும் வேண்டாம் என்று ஆகிவிடாது. எஃப்.சி. என்ற தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், வரி, புகைச் சான்று எல்லாம் வேண்டும். எஃப்.சி. புது வண்டிக்கு இரண்டு வருடம், அப்புறம் எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருடா வருடம்.

எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ்தான் இருக்கிறது, வாடகை வண்டி ஓட்டத் தருகிற பேட்ஜ் இல்லை. மஞ்சள் போர்டு பிக்கப் ஓட்டலாமா?
வாசகர், மன்னார்குடி

தாராளமாக ஓட்டலாம். 7,500 கிலோ வரை மொத்த எடை உள்ள சரக்கு வண்டிக்கு எல்.எம்.வி. லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்துவிட்டது. லைசென்ஸ் காலாவதி ஆகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விவசாயத்துக்கு வாங்கிய டிராக்டர் இருக்கிறது. நடவு முடிந்தால் சும்மாதானே நிற்கிறது என்று பெட்டியை மாட்டி செங்கல், சவுடு வாடகைக்கு ஏற்றுகிறேன். சொந்த டிராக்டர்தானே, யார் கேட்பது என்கிறார் அண்ணன். சரியா?
வாசகர், ஒரத்தநாடு

அண்ணனிடம் கொஞ்சம் பொறுமையாகப் பேசுங்கள், ஏனென்றால் இந்த நம்பிக்கையில்தான் டெல்டாவில் பாதி டிராக்டர் ஓடுகிறது. டிராக்டரும் பெட்டியும் சேர்ந்து சரக்கு ஏற்றினால் அது சரக்கு வாகனம்தான் என்று 2005-லேயே நட்வர் பாரிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்கள் வயல் நெல்லை உங்கள் பெட்டியில் கொண்டுபோவது விவசாய வேலை. பக்கத்து ஊர் சூளையிலிருந்து காசு வாங்கிக்கொண்டு செங்கல் அடிப்பது வாடகைத் தொழில். விவசாய வேலைக்கு மட்டும் என்று எழுதிய பாலிசியை வைத்துக்கொண்டு இரண்டாவது வேலையைச் செய்யும்போது ஒரு விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பது பெட்டியில் என்ன இருந்தது என்பதைத்தான். அடிபட்டவருக்குக் கோர்ட் உத்தரவின்படி அவர்களே பணம் கட்டினாலும், பின்னால் அந்தத் தொகையை உங்களிடம் வசூலிக்க வருவார்கள். நிலத்தை விற்றுக் கட்டுகிற அளவுக்கு அது போகும்.

அப்புறம் பெட்டி. பெட்டிக்குத் தனியாகப் பதிவு வேண்டும், அதன் எண் பெட்டியின் பக்கவாட்டில் இருக்க வேண்டும், இழுக்கிற டிராக்டரின் எண் பெட்டியின் பின்புறம் தெரிய வேண்டும். பட்டறையில் அடித்து வாங்கிய பெட்டிகளில் பாதிக்கு இந்தப் பதிவே கிடையாது. சவுடு, மணல் என்றால் கனிமவளத் துறையின் நடைச்சீட்டு இல்லாமல் தொடவே தொடாதீர்கள், வண்டியையே பறிமுதல் செய்ய அதிகாரம் இருக்கிறது.

இன்னொன்று, இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். பெட்டிக்குப் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டுங்கள், டெயில் லைட் வயரைச் சரி பண்ணுங்கள். ராத்திரியில் தஞ்சாவூர் நாகை ரோட்டில் லைட் இல்லாத பெட்டி முன்னால் போவது பைக்கில் வருகிறவருக்கு மோதுகிற நொடி வரை தெரியாது. சேறு படிந்த ரிஃப்ளெக்டரும் இல்லாததற்குச் சமம்தான், வயலை விட்டு ரோட்டில் ஏறும்போது ஒரு துணியால் துடைத்துவிடுங்கள்.

நடவு ஆட்களைக் காலையில் குட்டி யானையில் ஏற்றிப்போய் வயலில் விடுகிறேன். பஸ் இல்லாத ஊர், பெண்களுக்கு வேறு வழியும் இல்லை. போலீஸ் பிடித்தால் என்ன ஆகும்?
வாசகர், திருத்துறைப்பூண்டி

அம்மா, பஸ் இல்லை என்பது உண்மை, அந்தப் பெண்களின் சிரமம் எனக்குப் புரிகிறது. ஆனால் போலீஸ் பிடித்தால் என்ன ஆகும் என்பதைவிட வண்டி கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் இங்கே கேள்வி. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருகிறவர்களுக்குக் கட்டாய இன்சூரன்ஸ் பொருந்தாது என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சரக்கின் சொந்தக்காரரோ அவர் அனுப்பிய ஆளோ வந்தால் பாதுகாப்பு உண்டு, அதுவும் கேபினில் உட்கார்ந்து வந்தால்தான். பின்னால் நிற்கிற பதினைந்து பேரில் ஒருவருக்கும் அது கிடையாது. நின்றுகொண்டு வருகிறவர்களின் எடை மேலே இருப்பதால் ஒரு திருப்பத்திலேயே வண்டி சாய்ந்துவிடும்.

கூலி கொடுக்கிற விவசாயிகள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பழைய வேனையோ ஷேர் ஆட்டோக்களையோ காலை மாலை மட்டும் பேசிவைத்தால் தலைக்கு வருகிற செலவு குறைந்துவிடும். இதை ஆட்கள் தலையில் கட்டாமல் நிலத்துக்காரர்கள் ஏற்க வேண்டும் என்பது என் கருத்து.

என் மகன் ஹூஸ்டனில் இருக்கிறான். பிக்கப் பின்னால் டிரெய்லர் மாட்டி சரக்கு அடிக்கும் தொழிலில் அங்கே நல்ல வருமானமாம், கார் லைசென்ஸே போதும் என்கிறான். உண்மையா? அதே மாதிரி இங்கே மயிலாடுதுறையில் செய்ய முடியுமா?
வாசகர், மயிலாடுதுறை

தம்பியிடம் மூன்று எண்களைச் சொல்லுங்கள். அங்கே மாநிலம் விட்டு மாநிலம் தொழிலுக்கு ஓட்டும்போது, பிக்கப்புக்கும் டிரெய்லருக்கும் கம்பெனி குறித்த தகுதி எடை இரண்டையும் கூட்டி 10,001 பவுண்டு, அதாவது சுமார் 4,536 கிலோ வந்துவிட்டால் மத்தியப் போக்குவரத்துத் துறையின் பதிவு எண், டிரைவருக்கு மருத்துவச் சான்று, வேலை நேரக் கட்டுப்பாடு எல்லாம் வந்துவிடும். பத்து மணி நேர ஓய்வுக்குப் பிறகு பதினோரு மணி நேரம்தான் ஓட்டலாம். கூட்டு எடை 26,001 பவுண்டைத் தொட்டு, அதில் டிரெய்லர் மட்டும் 10,000 பவுண்டுக்கு மேல் என்றால் கார் லைசென்ஸ் செல்லாது, கனரக வணிக லைசென்ஸ் வேண்டும். வெறும் டிரெய்லரை இழுத்துப் போனாலும் கணக்கு தகுதி எடைக்குத்தான். வாடகைக்கு ஏற்றினால் தனி இயக்க அனுமதியும், இந்த எடைப் பிரிவில் சாதாரணச் சரக்குக்கே 7,50,000 டாலர் பொறுப்புக் காப்பீடும் கட்டாயம். அந்தக் காப்பீட்டுக்கு வருடத்துக்கு எவ்வளவு பிரீமியம் கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு, அப்புறம் வருமானத்தைக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

இங்கே அந்த மாதிரி வேண்டாம். பிக்கப்பின் பின்னால் ஒர்க்ஷாப்பில் ஒரு கொக்கியை வெல்டிங் வைத்துப் பெட்டி இழுப்பது, ஆர்.சி.க்கு மாறாக வண்டியை மாற்றியதாகத்தான் கொள்ளப்படும். பெரிய லோடு வேண்டுமென்றால் பெரிய வண்டி வாங்குவதே நல்லது.

நாகையிலிருந்து காரைக்காலுக்கு ஹார்டுவேர் சாமான் கொண்டுபோகிறேன். வண்டி மொத்த எடை 3,490 கிலோ. பக்கத்து ஊர்தானே, என்ன பேப்பர் வேண்டும்? திரும்பும்போது வைக்கோல் கட்டு ஏற்றி வருவேன்.
வாசகர், நாகப்பட்டினம்

பக்கத்து ஊர்தான், ஆனால் வாஞ்சூர் தாண்டினால் புதுச்சேரி மாநிலம். 3,000 கிலோவைத் தாண்டியதால் உங்களுக்குப் பெர்மிட் கட்டாயம், தமிழ்நாட்டுக்குள் ஓடத் தந்த பெர்மிட் எல்லைக்கு அந்தப் பக்கம் தானாகச் செல்லாது. தேசிய பெர்மிட்டா, அந்தப் பக்கத்து மேலொப்பமா என்பதை ஆர்.டி.ஓ. ஆபீஸில் பேசி முடித்துக்கொள்ளுங்கள். பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் 10,000 ரூபாய் அபராதம், சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. சரக்கு மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் வரை தேவையில்லை என்ற கணக்கு காரைக்காலுக்குப் பொருந்தாது. கடைக்காரரிடம் பில்லோடு அதையும் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

வைக்கோலில் எடை பிரச்சினை இல்லை, அகலம்தான் பிரச்சினை. பெட்டியின் பக்கப் பலகைக்கு வெளியே இரண்டு பக்கமும் கட்டு பிதுங்கினால் அதற்கும் தனியாக 20,000 ரூபாய் அபராதம் வைத்திருக்கிறார்கள். உயரமாக அடுக்கி வந்தால் கிராமத்துத் தெருக்களில் தாழ்ந்து தொங்கும் மின்கம்பியில் உரசித் தீப்பிடிக்கும். கட்டுகளைப் பலகைக்குள்ளேயே அடக்கி அடுக்கி, தார்ப்பாய் போட்டு, கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டுங்கள். ஒரே நடையில் கொண்டுவர முடியாவிட்டால் இரண்டாகப் போட்டு, அதற்கேற்ற வாடகையை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.