விலை பேசாமல் வயரிங் செய்துவிட்டார். கேட்ட பணத்தைக் கொடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: பினாங்கு ஜெலுத்தோங்கில், அப்பா 1960களில் வாங்கிய தெரஸ் வீட்டில் தனியாக இருக்கிறேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, நல்ல மழை. மின்சாரம் போட்டால் உடனே ட்ரிப் ஆகி, தானாகவே அணைந்தது. தெரிந்தவர் கொடுத்த நம்பரில் ஒரு வயர்மேனைக் கூப்பிட்டேன். எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு, "பார்த்துப் போட்டுக்கலாம் ஆண்ட்டி" என்றார். அப்புறம், "பழைய வீடு, உள்ளே எல்லாம் போச்சு" என்று சொல்லி, மறுநாளும் வந்து டிபி பெட்டியை, அதாவது வீட்டு லைன்களுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை மாற்றினார். வாட்டர் ஹீட்டருக்கும் சமையலறைக்கும் புது வயர் இழுத்தார். கடைசியில் ஒரு துண்டுச் சீட்டில் "ரீவயரிங், டிபி, பழைய வீடு: 4,800 ரிங்கிட்" என்று எழுதிக் கொடுத்தார். கையில் இருந்த 2,000 கொடுத்தேன். பயத்தில், "பாக்கி அடுத்த வாரம் தரேன் தம்பி" என்று வாட்ஸ்அப்பிலும் எழுதிவிட்டேன். மூன்றாம் நாள் மழையில் மறுபடியும் ட்ரிப். இப்போது பாக்கி கொடுக்காவிட்டால் டிபியைக் கழற்றிக்கொண்டு போவேன் என்கிறார். கொடுத்த 2,000ஐத் திரும்ப வாங்க முடியுமா?

பதில்: அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 2,000 திரும்பி வரும் என்று நம்பி இதில் இறங்க வேண்டாம். உங்கள் சுவரில் புது டிபி இருக்கிறது, புது வயர் ஓடுகிறது. இலவசமாகச் செய்வதாக யாரும் சொல்லவில்லை. அப்படிச் செய்த வேலையின் பலனை அனுபவிப்பவர் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 71வது பிரிவே சொல்கிறது. உங்கள் பலம் இன்னும் கொடுக்காத அந்த 2,800இல்தான் இருக்கிறது.

1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 56வது பிரிவு இப்படிப் போகிறது: ஒரு சேவைக்கு விலை முன்கூட்டியே பேசப்படவில்லை, கணக்கிடும் முறையும் ஒத்துக்கொள்ளப்படவில்லை, இருவருக்கும் பழைய கொடுக்கல் வாங்கல் வழக்கமும் இல்லை என்றால், பயனீட்டாளர் நியாயமான விலைக்கு மேல் கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்ல. அதை மீறிக் கேட்டால் உங்களுக்குள்ள பரிகாரம், அந்த அதிகப்படியைக் கொடுக்க மறுப்பது. கொடுத்து முடித்தவருக்கு இந்தப் பிரிவு அவ்வளவாக உதவாது. பலரும் முழுப் பணத்தையும் கட்டிவிட்டு வழக்கறிஞரான என்னிடம் வருகிறார்கள். நீங்கள் பாதியில் நிறுத்தியது நல்லதாகப் போயிற்று.

"பார்த்துப் போட்டுக்கலாம்" என்பது விலை அல்ல. அவர் அன்றிரவே "4,800" என்று சொல்லி, நீங்கள் "சரி, செய்யுங்கள்" என்றிருந்தால் என் பதிலே வேறு. விலை அதிகம் என்பதற்காக மட்டும் சட்டம் ஒப்பந்தத்தை உடைக்காது.

வாட்ஸ்அப் செய்தி கொஞ்சம் இடைஞ்சல்தான். அதை அவர் காட்டத்தான் செய்வார். ஆனால் அது வேலை முடிந்த பிறகு எழுதியது, அதில் தொகையும் இல்லை. இதோடு சும்மா இருந்துவிட்டால்தான் அது சம்மதம் மாதிரி தெரிய ஆரம்பிக்கும். ஆகவே இந்த வாரமே எழுத்தில் மறுப்புச் சொல்லுங்கள்.

சரி, நியாயமான விலை எது? சட்டத்தில் பட்டியல் எதுவும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் யாராவது 1,600க்கு முடித்திருந்தாலும் அது சான்றாகாது. அவர் வீட்டில் எத்தனை பாயிண்ட், எவ்வளவு வயர் என்று யாருக்குத் தெரியும்? முதலில் பொருள், கூலி, இரவு வந்ததற்கான கட்டணம் மூன்றையும் பிரித்து எழுதிய பில்லை அவரிடம் கேளுங்கள். பிறகு ஒரு அளவு டேப்பை எடுத்து, டிபியிலிருந்து வாட்டர் ஹீட்டர் வரை வயர் போகும் பாதையை அளந்து பாருங்கள். 14 மீட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். லைவ், நியூட்ரல், எர்த் என மூன்று வயர், 42 மீட்டர். கடையில் வயர் 100 மீட்டர் சுருளாக வரும். ஆக, இந்த ஒரு லைனுக்கு அரைச் சுருள்கூட ஆகாது. பில்லில் மூன்று சுருள் இருந்தால் மீதி எங்கே போனது என்று கேட்கலாம். புது டிபிக்குள் இருக்கும் பிரேக்கர்களின் பிராண்டும் எண்ணும் தெரியும்படி, உள்மூடியைக் கழற்றாமல் படம் எடுத்து, மின்சாதனக் கடையில் காட்டி விலை எழுதி வாங்குங்கள்.

இன்னொரு வயர்மேன் வாய்மொழியாக 2,500 சொன்னார் என்று நீங்கள் தனியாக எழுதியிருந்தீர்கள். அது போதாது. பதிவு பெற்ற இரண்டு பேரிடம் "இதே வேலையை இந்த வீட்டில் செய்தால் எவ்வளவு" என்று எழுத்தில் வாங்குங்கள். அவர்கள் வீட்டை நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அந்த வயர்மேன் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பழைய வீட்டு வேலை உண்மையிலேயே அதிக நேரம் பிடிக்கும். ரப்பர் உறை போட்ட அந்தக் காலத்து வயர், கை பட்டாலே பொடிப்பொடியாக உதிரும். ஒரு முனையைத் தொட்டால் முழு நீளத்தையும் மாற்ற வேண்டி வரும். சில லைன்களில் எர்த் வயரே இருக்காது. ஆனால் "பழைய வீடு" என்று இரண்டு வார்த்தை எழுதினால் கணக்காகிவிடாது. எந்த லைன், எத்தனை மணி நேரம், எத்தனை ஆள் என்று காட்ட வேண்டும். "உள்ளே எல்லாம் போச்சு" என்பதைச் சோதிக்கக் கருவி இருக்கிறது. மெகர் வைத்து, வீட்டு லைனுக்கு 500 வோல்ட் கொடுத்து, இன்சுலேஷன் எதிர்ப்பை, அதாவது வயரின் உறை மின்கசிவை எவ்வளவு தடுக்கிறது என்பதை அளப்பார்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே போனால் லைன் கெட்டது. அந்த அளவுகளைக் கேளுங்கள். அளக்காமல் சொன்னால் அது வெறும் அபிப்பிராயம்.

1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளின்படி, வயரிங் முடிந்ததும் தகுதிச் சான்று உள்ள வயர்மேன் ஜி பாரம், எச் பாரம் என்ற இரண்டு சான்றுப் படிவங்கள் தர வேண்டும்: ஜி பாரம், வேலையை மேற்பார்வையிட்டு முடித்ததற்கு; எச் பாரம், சோதனைக்கு. இரண்டையும் கேளுங்கள். தரவில்லை என்றால், அவர் சூருஹான்ஜாயா தெனாகாவில், அதாவது எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவரா என்று விசாரித்து, இல்லையென்றால் அங்கேயே புகார் கொடுங்கள். எனக்கு வரும் இத்தகைய தகராறுகளில் பாதி, ஜி பாரம் என்று வாயைத் திறந்ததுமே அடங்கிவிடுகிறது.

மழையில் மறுபடி ட்ரிப் ஆவது தனி விஷயம். நான் வயர்மேன் இல்லை. ஆனாலும் மழைக்கு மட்டும் விழுகிறதென்றால் போர்ச் விளக்கு, கேட் லைன் போன்ற வெளி இடங்களில் தண்ணீர் இறங்கியிருக்குமோ என்று யாருக்கும் தோன்றும். கோளாறு அங்கேதான் என்று வேறொரு வயர்மேன் எழுதிக் கொடுத்தால் உங்களுக்கு இரண்டு வாதங்கள் கிடைக்கும். ஒன்று, பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53வது பிரிவு: சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்திருக்க வேண்டும். முதலில் சரிசெய்ய அவருக்கே ஒரு வாய்ப்பும் நியாயமான கெடுவும் கொடுங்கள். வரவில்லை என்றால் வேறு ஆளை வைத்துச் சரிசெய்து அந்தச் செலவை அவரிடம் கேட்கலாம். இரண்டாவது, அதே சட்டத்தின் 10வது பிரிவு: ஒரு சேவை தேவை என்று பொய்யாகவோ தவறான எண்ணம் தரும்படியோ சொல்லக் கூடாது. டிபி மாற்றியே ஆக வேண்டும் என்றது பொய் என்று நிரூபிக்க முடிந்தால்தான் அந்த 2,000 பற்றிப் பேச இடமுண்டு. அந்த வயதுள்ள பெட்டியை மாற்றியது எப்படியும் நல்லதுதானே என்று அவர் சொல்வார். அதற்கும் தயாராக இருங்கள்.

கழற்றிக்கொண்டு போவேன் என்பதற்குப் பயப்பட வேண்டாம். சுவரில் பொருத்தியது வீட்டோடு சேர்ந்தது. பாக்கி இருந்தால் அவர் வழக்குப் போடலாம், வீட்டுக்குள் நுழைய முடியாது. மிரட்டிய செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள். மறுபடியும் மிரட்டினால் போலீஸில் புகார் செய்யுங்கள்.

இரண்டு விலைச் சீட்டும் வந்ததும் கணக்கைப் போடுங்கள். 2,700, 3,100 என்று வந்தால், இரவில் வந்ததையும் சேர்த்து 3,000 என்று வையுங்கள். கொடுத்தது போக 1,000. "மழையில் ட்ரிப் ஆவதைச் சரிசெய்து, இரண்டு பாரமும் தந்ததும் இந்த 1,000ஐ முழுத் தீர்வாகத் தருகிறேன்" என்று எழுதி அனுப்புங்கள். ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழி மாற்றுங்கள்.

ஒத்துவராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை விசாரிக்கும், மூன்று ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். ஒப்பந்தத்தை மாற்றியமைக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. வழக்கறிஞர் கூடாது என்பதால் எங்களுக்கு அங்கே வேலை இல்லை. உங்களுக்கு அது லாபம்தான். மனு எழுதத் தயக்கமாக இருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போங்கள், தமிழிலேயே பேசலாம். அவர் முந்திக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போய் சம்மன் வந்தால் மட்டும் மேசையில் போட்டு வைக்காதீர்கள்; ஆஜராகாவிட்டால் 4,800 சரி என்று ஒருதலையாகத் தீர்ப்பாகிவிடும்.

கழற்றிய பழைய பெட்டியும் வயர்களும் பின்வாசலில் கிடப்பதாக எழுதியிருந்தீர்கள். பழைய இரும்புக்காரர் வந்தால் போட்டுவிடாதீர்கள். உதிர்ந்த ரப்பரா, நல்ல வயரா என்று தீர்ப்பாயத்தில் காட்ட அவைதான் வேண்டும். தேதி தெரியும்படி படம் எடுத்து, ஒரு அரிசிச் சாக்கில் கட்டி மாடிப்படிக்குக் கீழே வையுங்கள்.