போனை மாற்றிப் பார்ப்போமா என்று கேட்கிறார்

கேள்வி: அக்கா, எனக்குக் கலியாணம் நிச்சயமாகிவிட்டது. போன கிழமை அவரும் நானும் 'லவ் டுடே' பார்த்தோம். முடிந்ததும், "நாங்களும் ஒருநாள் போனை மாற்றிப் பார்ப்பமா?" என்று கேட்கிறார். மறைக்க ஒன்றுமில்லை, ஆனாலும் மனம் ஒப்பவில்லை. அது அவ்வளவு நல்ல படமா?
- வாசகி, உவர்மலை

பதில்: தங்கச்சி, 2022இல் வந்தபோதே பார்த்தேன், உங்கள் கடிதம் வந்ததும் திரும்பவும் பார்த்தேன். முதல் பாதி அருமை. பிரதீப் ரங்கநாதன் தன்னுடைய பழைய குறும்படத்தை விரித்து எடுத்த படம்தான், ஆனால் இழுத்த மாதிரியே தெரியாது. கதாநாயகியின் அப்பாவாக வரும் சத்யராஜ் நிதானமாக உட்கார்ந்து, காதலர் இரண்டு பேரும் ஒருநாள் போனை மாற்றுங்கள், பிறகு கலியாணத்தைப் பற்றிக் கதைப்போம் என்கிறார், அதற்குப் பிறகு ஒவ்வொரு மெசேஜ் சத்தத்துக்கும் எங்களுக்கே நெஞ்சு இடிக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது, கதாநாயகனின் சகோதரியைக் கட்டப்போகிறவராக வரும் யோகி பாபு. போனைக் காட்டவே மாட்டேன் என்று நிற்கிறவரைக் கடைசிவரை சந்தேகப்பட வைத்துவிட்டு, கூட்டாளிமார் தன் உருவத்தைக் கிண்டல் செய்வதைத்தான் மறைத்தார் என்று காட்டும்போது அழுதுவிட்டேன்.

இரண்டாம் பாதியில்தான் கோபம். கதாநாயகன் வேறு பெண்களிடம் வழிந்ததையும் கதாநாயகி பழைய காதலனோடு கதைத்ததையும் ஒரே தராசில் வைக்கிறார்கள். அவளுடைய முகத்தை ஒட்டிய போலி வீடியோ பரவுகிறது, எவ்வளவு பெரிய கொடுமை அது! எங்கள் ஊரில் அப்படி நடந்தால் அந்தப் பிள்ளை டச் பே கடற்கரைப் பக்கம் தலைகாட்ட எத்தனை மாதம் ஆகும்? படமோ சீக்கிரமே அவனுடைய பெருந்தன்மைக்குத் திரும்பிவிடுகிறது.

இன்னொன்றையும் படம் யோசிக்கவில்லை. உங்கள் போனில் இருப்பது உங்கள் கதை மட்டுமா? புருஷன் அடிக்கிறான் என்று ஒரு சிநேகிதி இரவில் எழுதியிருப்பாள், தங்கை தன் வருத்தத்தைச் சொல்லியிருப்பாள், அவர்கள் உங்களை நம்பித்தானே அனுப்பினார்கள், அதை இன்னொருவர் கையில் கொடுக்க உங்களுக்கு உரிமையில்லை.

இதையே அவரிடம் சொல்லி, மாட்டேன் என்று சொல்லுங்கள். யோகி பாபு வரும் இடங்களை இரண்டு பேரும் திரும்ப ஒருக்கால் பாருங்கள். அப்புறம் கடன், வேலை, வெளிநாடு போகும் யோசனை என்று கலியாணத்துக்கு முன் தெரியவேண்டியவை இருக்குமே, அவற்றை முகத்துக்கு நேரே கேளுங்கள், அவரையும் கேட்கச் சொல்லுங்கள்.