இனம் என்னும் கட்டம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பினாங்கில் தாங்கள் ஆற்றிய உரையைக் கேட்டேன். இனம் என்பது வரலாற்றில் உருவாக்கப்படுவது என்றீர்கள். அப்படியானால் தமிழர் என்று நாம் சொல்லிக்கொள்வதும் வெறும் கற்பிதம்தானா? என் தாத்தா நாமக்கல்லிலிருந்து வந்தவர். நான் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. பல்கலைக்கழகப் பாரத்தில் இனம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று மகள் கேட்டாள். 'மலேசியர்' என்று மட்டும் எழுதினால் என்ன?

வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள நண்பருக்கு,

உருவாக்கப்பட்டதெல்லாம் பொய்யாகிவிடாது. நம் மலேசியப் பணமான ரிங்கிட்டும் மனிதர் உருவாக்கியதுதான். அதற்காகச் சம்பளத்தை வேண்டாம் என்பவர் எவருமில்லை. அரசியல் அறிஞர் பெனடிக்ட் ஆண்டர்சன் 1983-இல் தேசத்தைக் கற்பனை செய்யப்பட்ட சமூகம் என்றபோது, நேரில் சந்திக்கவே போகாத இலட்சக்கணக்கானோர் தம்மை ஒரே கூட்டமாக எண்ணிக்கொள்வதைத்தான் குறிப்பிட்டார், ஏமாற்று வேலையை அன்று.

உங்கள் மகள் பாரத்தில் பார்த்த 'இனம்' என்ற கட்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியான நீரிணைக் குடியேற்றங்களில் 1871-இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் அச்சேயர், பூகிஸ், பாவியானியர் என்று பற்பல கூட்டத்தார் அகரவரிசையில் தனித்தனியே நின்றார்கள். 1891-இல் அவர்கள் சில பெருந்தலைப்புகளுக்குள் அடைக்கப்பட்டார்கள். அவற்றுள் ஒன்று, 'தமிழரும் இந்தியாவின் பிற சுதேசிகளும்'. பர்மியரும் பார்சிகளும்கூட அதற்குள் வந்தார்கள். நம் பெயரில் இன்னொருவர் இப்படிக் குடியேறிய காலமும் உண்டு. பிறகு தமிழர் இந்தியர் என்ற தலைப்புக்குள் போனார்கள்.

ஆனால் கணக்கெடுப்பு எழுத்தர் இழுத்த கோடுகளை மட்டும் வைத்து இனத்தை விளக்கிவிட முடியாது. நார்வே நாட்டு மானிடவியலாளர் பிரெட்ரிக் பார்த் 1969-இல் சொன்னது, ஒரு குழுவின் பண்பாடு காலப்போக்கில் எவ்வளவு மாறினாலும், 'நாம்', 'அவர்கள்' என்ற எல்லை பேணப்படும்வரை அக்குழு நிலைக்கிறது என்பது. இதற்கு நார்வே வரை போகவேண்டியதில்லை. பினாங்கின் சூலியா தெருவில் நாசி கண்டார் விற்கும் சோற்றுக்கடை ஒன்றில், கல்லாவில் இருக்கும் தமிழ் முஸ்லிம் பெரியவர் வாடிக்கையாளரிடம் மலாயில் விலை சொல்லி, அடுப்படியில் இருப்பவரைக் கடையநல்லூர்த் தமிழில் அதட்டி, பேரனைத் தேசியப் பள்ளிக்கு அனுப்புவதைக் காணலாம். அவர் யார்? டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூடித் நகாட்டா, ஜார்ஜ் டவுன் முஸ்லிம்களை ஆராய்ந்து 1974-இல் வெளியிட்ட கட்டுரை இதே கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. ஒரே மனிதர் ஒரு சூழலில் மலாய்க்காரராகவும் இன்னொன்றில் இந்தியராகவும் தம்மைச் சொல்லிக்கொண்டார்; அதில் எந்த முரணையும் அவர் காணவில்லை.

இந்த நெகிழ்வுக்குச் சட்டத்திலும் ஓர் இடம் உண்டு. கூட்டரசு அரசியலமைப்பின் 160-ஆவது பிரிவு மலாய்க்காரரை இஸ்லாம் சமயம், மலாய் மொழி, மலாய் வழக்கம் ஆகியவற்றைக் கொண்டு வரையறுக்கிறது; கூடவே விடுதலைக்கு முந்தைய மண் தொடர்பையும் கேட்கிறது. எனவே அந்தப் பெரியவரின் பேரனுக்கு எல்லை ஒருவேளை திறந்து கொடுக்கும். நாமக்கல்லிலிருந்து வந்த இந்துக் குடும்பத்துப் பெண்ணுக்கு அது அப்படித் திறப்பதில்லை. சூழலுக்கேற்ப அடையாளத்தைத் தேர்ந்துகொள்ளலாம் என்று எழுதும் ஆய்வாளர்கள், அந்தத் தேர்வு எல்லாருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை என்பதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

'மலேசியர்' என்று எழுதும் ஆசை எனக்கும் உண்டு. ஆயினும் 1971-இல் மலேசிய அரசின் புதிய பொருளாதாரக் கொள்கை வந்ததிலிருந்து, மலாய்க்காரருக்கும் பிற பூர்வகுடியினருக்குமான இடஒதுக்கீடும் வீட்டு விலைத் தள்ளுபடியும் அந்தக் கட்டத்தோடு பிணைந்திருக்கின்றன. பிணைப்பு அப்படியே இருக்க, உங்கள் மகள் மட்டும் கட்டத்தை விட்டு வெளியேறினால், அவளுக்குக் கிடைக்காதது எது என்று எண்ணிப்பார்க்கும் வழியும் அடைபட்டுவிடும். யாருக்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்று கேட்க இன்று நம்மிடம் இருப்பது அந்தக் கணக்கு ஒன்றுதான்.

ஆகவே பாரத்தில் 'இந்தியர்' என்றே எழுதட்டும். பிறப்புச் சான்றிதழில் இருப்பதோடு ஒத்துப்போகும், விண்ணப்பமும் திரும்பி வராது. அதனால் அவளுடைய தமிழுக்கோ, பட்டர்வொர்த் அவளுக்குச் சொந்த ஊர் என்பதற்கோ குறை எதுவும் வந்துவிடாது.