டிஸ்க் பிதுங்கினால் பிசியோதெரபி என்ன செய்யும்?

கேள்வி: வயது 43. இரண்டு வருடமாக இடுப்பு வலி. சில நாள் கெண்டைக்கால் வரை இழுக்கும். எம்.ஆர்.ஐ.யில் எல்4-எல்5 டிஸ்க் (இடுப்புப் பகுதி முதுகெலும்பில் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டு) பிதுங்கியிருப்பதாக வந்தது. பிசியோதெரபி செய்தால் டிஸ்க் உள்ளே போய்விடுமா? குனியவே பயமாக இருக்கிறது.

பதில்: எந்தப் பயிற்சியும் டிஸ்க்கை உள்ளே தள்ளிவிடாது. ஆனால் டிஸ்க் அப்படியே இருக்கும்போதே வலி நன்றாகக் குறையும். ரிப்போர்ட்டைப் பார்த்துக் கலங்காதீர்கள். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில், 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. கிழிந்து வெளியே வந்த டிஸ்க்கைக்கூடப் பல நேரம் உடலே சில மாதங்களில் கரைத்துவிடுகிறது.

மூன்று மாதம் தாண்டிய வலியில் டிஸ்க் மட்டுமே காரணமாக இருப்பதில்லை. பயந்து பயந்து அசைவதால் தசை இறுகி பலம் குறைகிறது. நரம்புகளும் சின்ன அசைவுக்கே வலியைக் கிளப்பப் பழகிவிடுகின்றன. பயிற்சி மாற்றுவது இவற்றைத்தான். ஒத்தடமும் கரண்ட் வைப்பதும் சற்று நேரம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். அதோடு அனுப்பிவிட்டால், 'எனக்கு என்ன பயிற்சி?' என்று கேட்டு வாங்குங்கள்.

கால் வலிக்கு ஒன்றைக் கவனியுங்கள். குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி மார்பை மெல்ல உயர்த்தச் சொல்வார்கள். அப்போது கெண்டைக்கால் வலி ஏறி பிட்டத்துக்கோ இடுப்புக்கோ வந்து நின்றால் நல்ல அறிகுறி. இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. பாதத்தை நோக்கி இறங்கினால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டிடம் சொல்லுங்கள், வேறு அசைவு தருவார். எல்லோருக்கும் ஒரே பயிற்சி ஒத்துவராது.

தொடை இடுக்கில் மரத்துப்போவது, சிறுநீர் வராமலோ அடக்க முடியாமலோ போவது, பாதம் தூக்க வராமல் தொங்குவது, இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை விட்டுவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம், குனிவது. இரவில் டிஸ்க் நீரை இழுத்து உப்புவதால் காலையில் விறைப்பாக இருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் ஆழமாகக் குனிய வேண்டாம். மற்ற நேரத்தில் குனிவதை அடியோடு தவிர்க்காதீர்கள். ஸ்டூல் உயரத்தில் இருக்கும் லேசான பொருளை எடுப்பதில் தொடங்குங்கள். மறுநாள் வலி கூடவில்லை என்றால், வாரம் ஒருமுறை கொஞ்சம் தாழ்வாகவோ கொஞ்சம் கனமாகவோ மாற்றலாம். இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்ட வேண்டாம்.